நான்தான் ரமணி

சென்ற வாரம் வட்டக்கச்சிச் சந்தியில் ரமணியைக் கண்டேன். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள். வேலைக்குப் போவதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? கேளுங்கள்...

ரமணி எங்கள் பக்கத்து வீடு. ஒரு தனியார் கம்பெனியின் களஞ்சியத்தில் கிளார்க். 'நீ காட்டிய சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ் உன்னுடையதல்ல, போரில் செத்த உன் அக்காவுடையது' என்று சொல்லி ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யாரோ கிளப்பிவிட்ட கதை. ஆனால் அடையாள அட்டையில் ராமாயி, சான்றிதழில் ரமணி! அந்த ரமணி அக்காதான் என்றார்கள். மலையகத்திலிருந்து வந்த பெற்றோர் வைத்த பெயரை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் 'அழகாக்கி' எழுதிவிட்டாராம்.

தொழில் நியாய சபைக்குப் போனாள். வழக்கு இழுபட்டது. நடுவில் கம்பெனி இறங்கி வந்தது — நட்டஈடு தருகிறோம், வழக்கை விடு.

நானும் புத்தி சொன்னேன். "வாங்கிக்கொண்டு வேற வேலையைப் பார் பிள்ளை."

"வாங்கினா, செத்தவளின்ர படிப்பைக் களவெடுத்தவள் எண்டு ஆகிடும் அண்ணை. அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அடுத்த விசாரணைக்கு நானும் கூடப் போனேன்.

சாட்சி சொல்ல அவளுடைய வகுப்புத் தோழி துணுக்காயிலிருந்து வந்தாள். அறுவடை நேரம், இடுப்பில் கைக்குழந்தை... ஆனாலும் வந்தாள்.

கம்பெனியின் சட்டத்தரணி கேட்டார்: "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. சோதினை எழுதினது இவர்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"அக்கா லெட்சுமி சோதினைக்கு வரேல்ல ஐயா. ஷெல் பட்டு ஆஸ்பத்திரியில கிடந்தவா. இவா தனிய வந்து, எனக்குப் பக்கத்து மேசையில அழுதழுது எழுதினவா. கடைசிச் சோதினை முடிய ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்கு ஓடினனாங்கள்... லெட்சுமி இல்லை."

ரமணி அழவில்லை. அக்காவின் பெயர் வந்ததுமே எழுந்து நின்றுவிட்டாள். சபைத் தலைவர் உட்காரச் சொல்லியும், தோழி சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அக்காவுக்காகத்தான் நின்றாளோ?

தீர்ப்பு அவள் பக்கம். நிறுத்தியது பிழை, திரும்ப வேலை கொடு என்றார்கள்.

"அதே ஆக்களோட எப்பிடி வேலை செய்யுறாய்?" — சந்தியில் இதைத்தான் கேட்டேன்.

"முதல்நாள் ஒருத்தரும் முகம் பாக்கேல்ல அண்ணை. நான்தான் ஒவ்வொரு மேசையா போய், 'குட் மோர்னிங், நான் ரமணி' எண்டு சொன்னனான்."

சிரித்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான்தான் வந்த வேலையை மறந்து நின்றேன்.

நம் பெயரை நாமெல்லாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!