கட்டத்துக்குள் என் அண்ணன்

என் அண்ணி பாஞ்சாலைக்கு வாய் கொஞ்சம் நீளம். வயர் கூடையில் கிளி உருவம் பின்னிய முதல் ஆள் இந்த மலையிலேயே தான்தான் என்று ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்று சொல்வாள். உண்மைதான். அதற்காகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டுமா?

எண்பத்தேழாம் வருசம் சித்திரையில் அவள் கணவன், என் அண்ணன் ரங்கன், தவறிவிட்டான். வருசப் படையல் நெருங்கியது, சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. மலை ரோடு போட்டபோது வேலையாட்கள் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்டது. அதில் அண்ணன் முகம் புளியங்கொட்டை அளவு.

போளூர் பொருட்காட்சிக்குக் கம்ப்யூட்டர் போட்டோ கடை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் ராஜாக்கண்ணு படத்தைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டினார். டிவி மாதிரி இருந்த பெட்டியில் கூட்டம் முழுவதும் தெரிந்தது. அண்ணன் முகத்தை மட்டும் பெரிதாக்கினார். அடக் கடவுளே! கறுப்பும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக நின்றது.

"இன்னாங்க இது? எங்கண்ணன கொத்துக்கறி போட்டு வச்சிருக்கீங்க!" என்றேன்.

அண்ணி என் பேரைச் சொல்லி அதட்டிவிட்டுச் சிரித்தாள். "கத்தாத சின்னக்குழந்தை. இது என் கூடைதான். ஒரு முடிச்சுல ஒரு நெறந்தான் நிக்கும். கிட்ட பாத்தா முடிச்சு, தள்ளி நின்னா கிளி."

தள்ளி நின்று பார்த்தேன். அண்ணன்தான்! கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் முழித்துப் பார்த்தன.

"அதேதாங்க்கா," என்றார் ராஜாக்கண்ணு. "எந்தக் கட்டம் எவ்ளோ கறுப்புன்னு மிஷின் நம்பர் போட்டு வச்சிக்கும். கட்டத்த பெருசாக்கலாம். அதுல இல்லாதது வராது."

"அப்ப அந்த மூஞ்சில கட்டம் ஜாஸ்தி வுழணும். கேமராவ கிட்ட கொண்டாங்க. சுத்தி நிக்கிறவங்க எனக்கு எதுக்கு?"

அவர் கேமராவை நெருக்கி வைத்தார். அத்தனை கட்டமும் இப்போது அண்ணன் ஒருவனுக்கே. மூக்கு வந்தது, மீசை வந்தது, காதோரத் தழும்புகூட வந்தது. 'பார்த்தாயா?' என்பதுபோல் அண்ணி என்னைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. போட்டோ எடுத்த நேரம் பார்த்து இமைத்திருக்கிறான்!

"மொதல்ல வந்ததையே குடுங்க," என்றாள் அண்ணி.

எனக்குப் பொறுக்கவில்லை. "பைத்தியமா அண்ணி? இதான் எங்கண்ணன், அச்சு அசலா. அது வெறும் கட்டம்!"

"கண்ண மூடுன மூஞ்சிய நான் பாத்துட்டேன் சின்னக்குழந்தை. கடைசியா அதத்தான் பாத்தேன்."

ராஜாக்கண்ணு கேமராவைப் பழைய இடத்துக்கே நகர்த்தி, அந்தக் கட்டப் படத்தைத் தாளில் அடித்துக் கொடுத்தார்.

படையலன்று அந்தப் படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே மறித்து, "கிட்ட போவாதீங்க, இங்கிருந்து பாருங்க," என்று அதட்டினாள். என்னையும்தான். நின்று பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், படுபாவி. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.