தடிப்பு வராத கை

மூட்டைப்பூச்சி என்றால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பூச்சியால் ஒரு மனிதர் சாகக் கிடந்தார். அதில் என் பங்கும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரிப் பக்கம். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, மிச்சமிருந்த கொல்லையில் பெரியப்பா வரிசையாக எட்டு ரூம் கட்டினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரூமுக்கு ஒரு ஜன்னல், எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ரூமுக்கு ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் ஷிப்டுக்குப் போனால் மூன்று பேர் அதே பாயில் வந்து படுப்பார்கள். அந்தப் பாயில் சூடு ஆறியதே கிடையாது. பகலில் தூங்குவதற்காக ஜன்னலை அட்டை வைத்து மறைத்திருப்பார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது, சத்தம் போடக் கூடாது. பெரியப்பாகூட எந்த வேலையாகப் போனாலும் முதலில் தரையில் செருப்பைத்தான் பார்ப்பார்.

பூச்சி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கத்திரிச் செடிக்கு அடித்து மிஞ்சிய மருந்து வீட்டில் இருந்தது. பெரியப்பா ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குள் அடிக்கிற மருந்தா அது என்று அவரை யாரும் கேட்கவில்லை. முதல் தடவை முறத்தில் அள்ளும் அளவுக்குச் செத்தன. நான்தான் கூட்டினேன். கூடவே சிலந்தி, கரப்பான், எறும்பு, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு இரண்டு பல்லிகள்.

"அவ்ளோதான், ஒழிஞ்சிது சனியன்," என்றார்.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தன. மருந்தைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்தார். எப்போதும் ஏதாவது ஒரு ரூமில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற ரூம்களுக்கு அடிப்பார். இந்த முறை குறைவாகத்தான் செத்தன. மூன்றாம் முறை அடித்தபோது கூட்டுவதற்குச் சிலந்தியோ பல்லியோ ஒன்றுகூட மிச்சமில்லை. மூட்டைப்பூச்சி இருந்தது. மருந்து ஈரம் காயாத தரையில் ஒன்று நடந்து போவதைப் பார்த்தேன். அதற்கு அவசரமே இல்லை. நான் கூட்டிக் கொட்டிய பிணங்கள்தான் எழுந்து வருகின்றன என்று நினைத்தேன். அன்றிலிருந்து திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்காரமாட்டேன்.

மருந்து கேட்கவில்லை என்றால் மனிதர்கள் ஆளைத் தேடுவார்கள். தேடியதில் ஆறாம் ரூம் தென்காசி அண்ணன் அகப்பட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் குளிப்பதைப் பார்த்தேன். மற்றவர்கள் முதுகிலும் கையிலும் வரிவரியாகத் தடிப்பு. அவர் உடம்பில் ஒன்றுகூட இல்லை. அதைப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னது நான்தான்.

"ஏலே, ஒன்னைய மட்டும் ஏம்லே கடிக்க மாட்டேங்கு?" என்று அவரோடு ரூமில் இருந்தவர்களே வளைத்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா வேப்பங்கொழுந்தா ஊட்டி வளத்திருக்காலே. எந்த மூட்டைக்குப் பிடிக்கும் என் ரத்தம்?"

பெரியப்பா சிரிக்கவில்லை. "இன்னாடா கத வுடுற? எல்லாரும் சொறிஞ்சிகினு கீறாங்கோ, உனுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. உன் பையிலதான் வந்துகீது. எடு பாயை."

சிமெண்டு மூட்டை வைத்திருந்த எட்டாம் ரூமுக்கு அவரைத் தனியாக அனுப்பினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, "என்ன பாப்பா, மாட்டி விட்டுட்டியே!" என்று சிரித்தார். நான் சிரிக்காமல் பின்னால் நகர்ந்தேன். பூச்சிகள் அவர் சொல்வதைக் கேட்கும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. எட்டாம் ரூம் வாசலில் அவருடைய நீலச் செருப்பு கிடந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து, அதோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தார். செருப்பின் விளிம்பில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது. அது அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயம். ஒரு குச்சியால் இரண்டு செருப்பையும் தள்ளித் தள்ளித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா ஸ்பிரேயரோடு வந்தார். தரையைப் பார்த்தார். செருப்பு இல்லை. "டூட்டிக்குப் போய்க்கிறான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ரூமுக்குப் பூட்டு கிடையாது, சாத்தியே கிடக்கும். கதவைத் திறந்தால் மருந்து வெளியே போய்விடும் என்று ஜன்னல் அட்டையின் மூலையைத் தூக்கி, குழாயை உள்ளே விட்டு அடித்தார். அன்றைக்கு மருந்தில் தண்ணீரே கலக்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

நான் டிரம் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒரு இருமல் கேட்டது. பம்பு அடிக்கும் சத்தத்தில் பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இன்னொரு இருமல். பிறகு இல்லை.

சொன்னால் செருப்பு எங்கே என்று கேட்பார்கள். அடி விழும். இதுதான் அந்த வயதில் எனக்கிருந்த பெரிய பயம். பெரியப்பா ஜன்னலை மூடிவிட்டுப் போகும்வரை வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் நின்றேன். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடிக்கும்வரை நின்றிருப்பேன்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எட்டாம் ரூம்ல ஆளு கீது."

அம்மா முறத்தை உதறிவிட்டு ஓடினாள்.

கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். வாயில் நுரை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வெள்ளை லுங்கி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த லுங்கியின் மேல் மூட்டைப்பூச்சிகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல. மனிதன் விழுந்து கிடக்கிறான், அவை நடக்கின்றன. அந்தக் காட்சிதான் இன்றும் என் கனவில் வருகிறது.

"செருப்பு இல்லியேமா! வாசல்ல செருப்பு இல்லியே!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரகடம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பிழைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவருடைய அப்பாவோடு பெட்டியை எடுக்க வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கையில் ஊசி குத்திய தழும்புகள் மட்டும், வேறு ஒரு தடிப்பும் இல்லை. அவருடைய அப்பா வாசலில் குனிந்து தேடினார். "பயலோட செருப்பு எங்கன கெடக்குன்னு தெரியலியே," என்றார். டிரம் பத்தடியில் இருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தென்காசி அண்ணன் வெறுங்காலோடு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனார்.

பிளஸ் டூ உயிரியல் வகுப்பில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. செத்தது எதுவும் எழுந்து வரவில்லை. கூட்டத்தில் சில பூச்சிகளுக்குப் பிறவியிலேயே அந்த மருந்து தாங்கும். தாங்காதவற்றை நாங்கள் கொன்றோம். பூச்சியைத் தின்னக்கூடியவற்றையும் சேர்த்துக் கொன்றோம். மிஞ்சியவை தாராளமாகப் பெருகின. அவற்றின் குஞ்சுகளுக்கு மருந்து தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு மாதமும் பெரியப்பா அவற்றைத்தான் தன் செலவில் பொறுக்கி எடுத்து வளர்த்தார். அண்ணனையும் மற்றவர்களைப் போலத்தான் கடித்திருக்கும். சிலர் தோலில் தடிப்பு வராது, அவ்வளவுதான். அதுவும் பிறவி. பூச்சிக்குள் இருந்த வித்தியாசம் அதைக் காப்பாற்றியது. அவருக்குள் இருந்த வித்தியாசத்தை நாங்கள் குற்றமாக்கினோம். அந்தப் பாடத்துக்கு நான் முழு மார்க் வாங்கினேன்.

ஒன்பது வயதில் இதெல்லாம் தெரியாது. ஆள் போய்விட்டார், பூச்சியும் போய்விடும் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் காலை, எங்கள் வீட்டில், என் பாயில், கண் விழித்தேன். என் கையில் வரிசையாக மூன்று தடிப்பு. செருப்பை ஒளித்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தென்காசியிலிருந்து பூச்சியை அனுப்பிவிட்டார் என்று போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.