ஒன்றரை முழம் நாடா

பழுப்பு நிறத்தில் ஒன்றரை முழம் ஒலிநாடா. அதன் இரு முனைகளையும் சவர பிளேடால் சரிவாக வெட்டி, ஒட்டிச் சேர்த்து வளையமாக்கியிருந்தார் அத்தான். வளையத்தின் ஒரு பக்கம் டேப் ரெக்கார்டருக்குள் ஓடியது. மறுபக்கம் மேசைமேல் கவிழ்த்து வைத்த வெறும் பால்மா டின்னைச் சுற்றிவந்தது. ஆரம்பமும் முடிவும் இல்லாத அந்த நாடாவில் ஒரே மனிதரின் குரல், ஒரே வாக்கியம். மேசைக்குப் பக்கத்தில் என் அக்கா நின்றுகொண்டு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் எவ்வளவு பேசலாம் என்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது எழுபதுகளின் பிற்பகுதி. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்பே நடந்தது என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள், அது தவறு. தோட்டம் கைமாறியதும், அதை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார். அந்த ஏலத்தில்தான் அத்தான் ரெக்கார்டரை எடுத்தார். ஆகவே எல்லாம் அதற்குப் பிறகு.

அத்தானுக்கு ஹட்டன் கடைத்தெருவின் பின்பக்கம் ரேடியோ திருத்தும் சிறிய கடை. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதும் அவர்தான். அக்கா தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தாலும் நடந்ததைக் கவிதையாகச் சொல்லும் வாய் அவளுக்கு இருந்தது. பாட மாட்டாள். பேசுவாள், பேச்சே அடி அடியாக விழும். அத்தான் சிற்றலையில் ஏதோ வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டுவிட்டு ஒருநாள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடிவந்தார்.

"ரயில் சத்தம், கதவுச் சத்தம், இத வெட்டி ஒட்டி சங்கீதம்னு போடுறான் புள்ள!"

"அப்போ நம்ம லயத்துல நாள் பூரா கச்சேரிதான்" என்றாள் அக்கா.

ஆனாலும் அவர் கொண்டுவந்த சத்தங்களுக்குமேல் அவள் பேசத் தொடங்கினாள். கொழுந்து அரைக்கும் ரோலரின் உறுமலை அவர் மெதுவாக ஓடவிட்டார். அவள் மழையைப் பற்றிப் பேசினாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்துக்கொண்டே செய்த விளையாட்டு அது. அடுத்த ஆண்டு அவர்களுடைய மகள் இறந்தாள். அதன்பின் அது விளையாட்டாக இல்லை.

பிள்ளைக்கு வாந்தியும் பேதியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை. தோட்டத்து லொறி கொட்டகையில் நின்றது. சாவி, தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் வீட்டில். புதிய துரை ஊரில் இல்லாத நாளில் அவர் சொன்னால்தான் லொறி நகரும். அக்காவும் அத்தானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே ரேடியோவில் பாட்டு ஓடியது. தட்டத் தட்டப் பாட்டின் சத்தம் கூடியது. அந்த ரேடியோவை அதற்கு முந்தின மாதம் திருத்திக் கொடுத்தவர் அத்தான். தானாகச் சத்தம் கூடும் கோளாறு அதற்குக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கதவு திறக்கவே இல்லை. மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பாதி வழியில், கொட்டகலை றோட்டுக்கு வருமுன், ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பெரிய கிளாக்கர் அக்காவிடம், "அன்னைக்கு நான் வீட்டுல இல்லையே, என்னாச்சு?" என்று கேட்டார். அக்கா அதற்குரிய பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்த மாரியம்மன் திருவிழாவில் பெரிய கிளாக்கர் பேசினார். ஜரிகைச் சால்வையோடு மேடையேறி, தொழிலாளர்களுக்குத் தான் தகப்பன் மாதிரி என்றார். "எந்த நேரமும் வாங்க. என் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்" என்று கையை விரித்தார். அத்தான் வழக்கம்போலப் பேச்சைப் பதிவு செய்திருந்தார். கீழே இறங்கியதும் அவரே வந்து, "எங்க, என் பேச்சப் போடு கேப்போம்" என்று கேட்டு, தலையை ஆட்டி ரசித்தார். "குரல் நல்லா விழுந்திருக்குல்ல?" என்றார். "ரொம்ப நல்லா விழுந்திருக்குங்க" என்றார் அத்தான்.

அந்த வாக்கியத்தைத்தான் அவர் வெட்டி வளையமாக்கினார். முதலில் அவருக்கு வேறு யோசனை இருந்தது. "வார்த்தைய மாத்தி ஒட்டுனா, கதவத் தொறக்க மாட்டேன்னு அந்தாளு வாயாலயே சொல்ல வச்சிருவேன்" என்றார்.

"வேணாங்க" என்றாள் அக்கா. "அவரு சொன்னதையே சொல்லட்டும். சொல்லிக்கிட்டே இருக்கட்டும்."

கதவு தட்டும் சத்தத்துக்கு லயத்துக் கதவைத் தட்டிப் பதிவு செய்தார். அக்கா கேட்டுவிட்டு, "இது வெறும் பலகை. அது கனத்த கதவு" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் தச்சுப்பட்டறையில் செய்து வைத்திருந்த பலாமரக் கதவை அக்காவே தட்ட, அத்தான் பதிவு செய்தார். அன்று அவள் விரல் தோல் உரிந்தது.

மறு ஆண்டுத் திருவிழாவின் மாலைக் கலைநிகழ்ச்சியில், பெரிய கிளாக்கரின் பேச்சோடு கவிதை சேர்ந்து வரும் என்று அத்தான் அறிவித்தார். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். அவர் குரல் எழுந்தது: என் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும். மூன்றாம் முறை வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு, இரவல் வாங்கிய இன்னொரு ரெக்கார்டரிலிருந்து தட்டும் சத்தம் புகுந்தது. அத்தான் ஒரு ரேடியோவின் முள்ளைத் திருப்பித் திருப்பி, நிலையமற்ற இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நாடாவின் குரல் சுற்றிச் சுற்றி வர, அதற்கு நடுவில் அக்கா பேசினாள்.

"வெரலால தட்டுனேன்.
என் வீட்டுக் கதவு...
புள்ளையத் தோள் மாத்திக்கிட்டு மத்தக் கையால தட்டுனேன்.
உங்களுக்காகத் திறந்தே...
உள்ள ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொரு பாட்டு வந்துச்சு.
எம்புள்ள அழுறத நிறுத்துனா.
இப்ப உங்க பாட்டு நல்லாக் கேக்குதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மறைப்புத் தகரத்தை விரல் முட்டியால் தட்டினாள். பக்கத்திலிருந்தவள் தட்டினாள். பிறகு தகரம் முழுவதும் அதிர்ந்தது. பெரிய கிளாக்கர் எழுந்து, "நிறுத்துடா அத!" என்று கத்தினார்.

"ஐயா பேசுனதுதானுங்களே. ஒரு வார்த்த நான் கூட்டலைங்க" என்றார் அத்தான். நாடாவை நிறுத்தவில்லை. அந்த மனிதர் தன் குரலுக்குள்ளேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போனார். அவர் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன். அதைப்போல் என் மனத்தை நிறைத்த காட்சி அதற்குப் பின் கிடைக்கவில்லை.

அக்காவுக்குத் தண்டனை வந்தது. தூரத்து மலைக்கு, அட்டைப்பூச்சி மண்டிய காட்டுக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். போனாள். ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தினமும் பெரிய கிளாக்கர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். யாரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டுக்கொண்டு பூண்டுலோயாப் பக்கம் மாறிப்போனார். எண்பதுகளில் அத்தானின் கடை எரிந்தது. ரெக்கார்டரும் நாடாவும் போயின. சில ஆண்டுகளில் அத்தானும் போனார்.

மன்னிப்பைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். நல்ல புத்தகங்கள்தான். அவற்றில் எதை எழுதியவரும் அந்த ஞாயிறு அந்தக் கதவுக்கு வெளியே நின்றதில்லை.

பெரிய கிளாக்கர் நீண்ட ஆயுள் வாழ்ந்து, சமீபத்தில்தான் கொழும்பில் காலமானார். அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தான். நல்ல பையன், அக்காலத்தில் கைக்குழந்தை. "அங்கிள், தோட்டத்துப் பழைய விசயமெல்லாம் நீங்கதான் எழுதுறீங்களாம். அப்பாவோட நினைவு மலருக்கு நாலு வரி தாங்க."

அக்காவிடம் சொன்னேன். போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நாலு வரி எதுக்கு? அவரு சொன்னது ஒரு வரி இருக்கே. அதக் குடு."

கொடுத்தேன். "அப்பா பேசினதா? அருமையா இருக்கு அங்கிள்" என்றான் மகன். மலர் அச்சாகி, எங்கள் தோட்டத்தின் பழைய வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று வந்தது. அட்டையில் சால்வையோடு அவர் படம். அதன்கீழ் பெரிய எழுத்தில் அவருடைய வாக்கியம். அன்று மாலைக்குள் லயங்களில் பார்க்காதவர் இல்லை.

அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்: "என் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்."

"இன்னொருக்கா" என்றாள்.

படித்தேன்.

"இன்னொருக்கா."