மீனைப் பிடித்தது நான்

சற்று முன் நானும் கணவரும் நாங்கள் இருக்கும் கிங்ஸ்பரியில் மீன் கடைக்குப் போயிருந்தோம்.

கடைக்கார அண்ணை கணவரிடம், "மாலைதீவில நீங்கள் பிடிச்ச மீனைப் பேஸ்புக்கில பாத்தனான். நல்ல பெரிசு," என்றார்.

முழங்கால் அளவு கடலில் நின்று, தூண்டிலில் இறகால் கட்டிய பொய்யிரையை வீசி அதைப் பிடித்தவள் நான். வீசிப் பழக இங்கே எத்தனை ஞாயிறு குளிரில் நின்றேன். கணவர் அன்று கரையில் நித்திரை.

"அது நான் பிடிச்சது, அண்ணை."

"ஓம் ஓம், படத்துக்குத் தூக்கிப் பிடிச்சனீங்கள்."

கணவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வாங்கிய மீனைக் கணவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது போன் அடிக்கிறார். எடுக்கவா, விடவா?