மேற்கே ஒரு பௌதிக வகுப்பைத் தேடி

ஒஸ்லோவில் பள்ளித் தெரிவு என்பது வசதியான பகுதிகளுக்குக் கொடுக்கும் பரிசு. அதற்கு விலை கொடுப்பவை கிழக்கே எங்களுடைய பகுதிகள்.

ஜனவரியில் சித்தப்பாவோடும் அவர் மகள் துளசியோடும் மேற்கு ஒஸ்லோவிலுள்ள அறிவியல் சிறப்புப் பள்ளியை, பெற்றோருக்குத் திறந்துவிடும் நாளில், பார்க்கப் போனேன். துளசிக்குப் பௌதிகவியல் படிக்க வேண்டும். கிழக்கே நாங்கள் இருக்கும் ட்வெய்ட்டாவில், வீட்டுக்கு அருகிலிருக்கும் பள்ளியில் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் மேற்கே போக, தலைக்கு இவ்வளவு என்று வரும் பணமும் கூடவே போய்விட்டது. சிறப்புப் பள்ளிக்கோ அதற்கு மேல் அரசு மானியமும் உண்டு. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகள் வரலாம் என்பதற்காகவாம்.

ட்வெய்ட்டாவிலிருந்து நேர் ரயில், மாறத் தேவையில்லை. பெரியவர்களுக்குச் சீட்டு நாற்பது குரோனருக்கு மேல், பயணம் இருபத்தைந்து நிமிடம். நகர மையத்தோடு எங்கள் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அதன்பின் பெட்டியில் கறுத்த முகங்கள் நாங்கள் மூன்று பேர்தான். சித்தப்பா கோட்டும் டையும் அணிந்து, மடியில் ஒரு பெட்டி நிறைய, வீட்டில் பொரித்த மீன் ரோல்ஸ் வைத்திருந்தார். நாட்டுக்கு வந்த புதிதில் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனதும் இப்படித்தானாம்.

"பள்ளிக்கூட அதிபரை நேரில கண்டு கதைச்சாத்தான் இடம் கிடைக்கும், பிள்ளை."

"இஞ்சை அப்பிடி இல்லை அப்பா. புள்ளியைத்தான் பாப்பினம்."

"நீ பேசாம இரு. ரோல்ஸ் ஆறப்போகுது."

அதிபர் நல்ல மனிதர். வாசலில் நின்று எல்லோருக்கும் வாஃபல் கொடுத்தார். ரோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார். இந்தப் பள்ளிக்கு எவரும் விண்ணப்பிக்கலாம் என்று சித்தப்பாவின் கையைக் குலுக்கினார். சித்தப்பா முகம் மலர்ந்து திரும்பினார்.

"முடிஞ்சுது. மனுசன் ஓமெண்டிட்டார்."

துளசி அதற்குள் மாணவர் ஆலோசகரின் மேசைக்குப் போய், போன வருடம் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளியைக் கேட்டு வந்திருந்தாள். அவளுடையது அதைவிடக் குறைவு.

"அப்பா, அவர் ஓமெண்டது ரோல்ஸுக்கு."

சித்தப்பா பெட்டியை மூடினார். டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: அதிபரைத் தேடாதீர்கள், நேரே ஆலோசகரிடம் போங்கள். விண்ணப்பம் மார்ச் முதலாம் திகதிக்குள். பிள்ளையை முன்னால் விடுங்கள், கேள்வி அவளுடையது. ரோல்ஸ் வேண்டுமானால் கொண்டுபோங்கள், வாஃபலைவிட நன்றாக இருந்தது.

புறப்படும்போது துளசி திரும்பிப் போய் அதிபரின் முன்னால் நின்றாள். நொர்வேஜிய மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எனக்கு உங்கள் பள்ளியில் இடம் வேண்டாம். உங்களுக்கு வரும் மானியத்தில் ஒரு பௌதிக ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் ட்வெய்ட்டாவுக்கு அனுப்புங்கள்."

அவர் சிரித்தபடி அடுத்த குடும்பத்துக்குக் கை நீட்டினார். அவள் நகரவில்லை.

"எப்போது அனுப்புவீர்கள்?"