கொன்றவன் மாட்டினானா?

எங்கள் துப்பறியும் சிறுகதைப் போட்டிக்கு வருடா வருடம் பரிசுத் தொகை தருபவர், காரைக்கால்மேட்டில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஜெயமேரி அக்கா.

இன்று காலை விழா அழைப்பிதழ் கொடுக்கப் போனேன். பேனரில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. பரிசு வாங்குன கதையில கொன்னவன் மாட்டிக்கிட்டானா? அத மட்டும் சொல்லுங்க."

ஒவ்வொரு வருடமும் இதைத்தான் கேட்பார். கதைகளைப் படிப்பதில்லை. அவருடைய தம்பியைக் கடற்கரையில் யாரோ வெட்டிப் போட்டார்கள். யாரென்று தெரியாமலே கேஸை மூடிவிட்டார்கள்.

இந்த வருடம் முதல் பரிசுக் கதையில் கொலைகாரன் தப்பித்துவிடுகிறான். நடுவர்கள் எல்லோரும் அந்த முடிவைத்தான் பாராட்டினார்கள். நானும்தான்.

"மாட்டிக்கிட்டான்க்கா" என்றேன்.

"கதையிலயாவது மாட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் உடைக்கிற சத்தத்துக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. பரிசு பெற்றவர் கதையின் கடைசிப் பக்கத்தை மேடையில் வாசிப்பது எங்கள் வழக்கம். அக்கா முன்வரிசையில்தான் உட்காருவார்.

மைக் செட்டைப் பழுதாக்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? மாட்டிக்கொள்ளாமல் செய்ய வேண்டும்.