பட்டனில் காய்ந்த சந்தனம்

கையில் வைத்து விளையாடும் கேம் கருவிகள் என்னிடம் மூன்று இருந்தன. எதற்கு மூன்று என்று கேட்காதவர்கள் எங்கள் உறவில் ஒருவரும் இல்லை. அப்பாவிடம் எத்தனை ஸ்பேனர் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பெரியப்பா வீட்டு வாசலில் ஓடாத பைக் இரண்டு துருப்பிடித்து நிற்கின்றன, அதையும் கேட்டதில்லை. நான் சம்பாதித்து நான் வாங்கியதற்கு மட்டும் எல்லாருக்கும் விளக்கம் வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் டிவியில் செருகி விளையாடிய பழைய கேம்களை, அந்தப் பழைய மெஷின் மாதிரியே நடித்து ஓட்டிக்காட்டும் எமுலேட்டர் என்கிற மென்பொருள் இந்தக் கருவிகளுக்குள் இருக்கிறது. அந்தக் கேம்கள் வந்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் டிவியும் கிடையாது. இணையத்தில் இந்தக் கருவிகளை ஒப்பிட்டுப் பேசுகிற ஆண்கள் எல்லாரும் சின்ன வயது ஞாபகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக வரும். எனக்கு ஞாபகம் எதுவும் இல்லை. பிடித்திருக்கிறது, விளையாடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் இன்றும் கைநாட்டுதான். ஓசூரில் கார்களுக்கு சுவிட்ச் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஒரு பட்டனை அமுக்கினால் எவ்வளவு அழுத்தத்தில் இறங்குகிறது, விட்டால் சரியாக மேலே வருகிறதா, விரலுக்கு டக்கென்று தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. செல்போனில் கேம் ஆடுவது எனக்கு ஒத்துவராததற்கு அதுதான் காரணம். கண்ணாடியை எவ்வளவு தொட்டாலும் விரலுக்கு ஒரு பதிலும் வராது.

முதல் கருவி ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் வாங்கியது. நானூறு கேம் என்று அட்டையில் போட்டிருந்தது. பத்துப் பதினைந்து கேமையே வேறு வேறு எண் போட்டுத் திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். பிளஸ் வடிவப் பட்டனில் வலது பக்கம் அமுக்கினால் மேலேயும் சேர்ந்து அமுங்கும். வலதுபுறம் நடக்க வேண்டியவன் குதித்துப் போய்ப் பள்ளத்தில் விழுவான். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு பட்டன் வந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இரண்டாவது ஆன்லைனில் வாங்கிய அகலமான கருவி. சக்தி அதிகம், இரண்டு கட்டைவிரலுக்கும் ஜாய்ஸ்டிக் குச்சிகள் உண்டு. ஆனால் பழைய கேம்களின் படம் கிட்டத்தட்டச் சதுரமானது. அகலத் திரையில் ஓட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். பிளஸ் பட்டனைக் குச்சிக்குக் கீழே வைத்திருந்ததால் விரலை மடக்கி மடக்கிக் கட்டைவிரல் எலும்பு வலிக்கும். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஆடினால் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது.

மூன்றாவதுதான் என்னுடையது என்று சொல்ல வேண்டியது. சின்னது, நிமிர்ந்த வடிவம், கம்பெனி கோட்டுப் பையில் அடங்கும். திரை பழைய கேமின் அளவுக்கே செய்தது. பிளஸ் பட்டன் விரலுக்குக் கீழே ஒழுங்காகப் பேசும். மேலே உள்ள சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியிலேயே உறைந்து நிற்கும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கம்பெனி கேட்டில் பஸ் எந்த நிமிடம் நிற்கும் என்று தெரியாத எங்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டாம். கேமரா உள்ள போன் உள்ளே போகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். இதைப் பார்த்து செக்யூரிட்டி அண்ணன், "இது என்னாம்மா, குட்டி போனா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமராவும் இல்லை, சிம்மும் இல்லை என்று காட்டினேன். "டீ டைம்ல மட்டும் ஆடு. லைன்ல எடுத்தா நான் இல்ல, உங்க சார் புடுங்கிக்குவாரு" என்று விட்டுவிட்டார்.

அந்தச் சின்னக் கருவியில் ஒரு நீளமான கதை கேம் ஆடிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராக நடந்து, சண்டை போட்டு, ஆயுதம் சேர்த்துப் போகிற கேம். ஆரம்பிக்கும்போது நாயகனுக்கு ஒரு பெயர் கேட்கும். என் பெயரைக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் விடாமல் ஆடி, கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அன்று பலகை போட்டு அவரவர் சாமானை வைப்போம். அப்பா கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர், அவருடைய ஸ்பேனர்களும் டேப்பும் வரும். அம்மா தளி ரோட்டில் ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவள், அவளுடைய பூ வெட்டும் கத்தரி வரும். படிக்கிற காலத்தில் என் புத்தகங்கள் இருந்தன. வேலைக்குப் போன பிறகு நான் வைப்பதற்கு எதுவும் இல்லாமல் இருந்தது. அந்த வருஷம் அம்மா தானாகவே, நான் அன்று சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போன சின்னதையும் சேர்த்து, என் மூன்று கருவிகளையும் பலகையில் வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நடு என்று அவள் பார்த்தது பிளஸ் பட்டனை.

காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பூஜையில் கொடுத்த பொரியோடு வீட்டுக்கு வந்தபோது பலகையில் இரண்டுதான் இருந்தன.

"அய்யோ, இதுங்க மேல எதுக்கும்மா சந்தனத்த வச்ச?" என்றேன் முதலில்.

"நீயும் பட்டன் அமுக்குற வேலதான பாப்பா? இதும் பட்டன்தான?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என் சாமானையும் சாமானாக மதித்தாளே என்று ஒரு நிமிடம் மனசு நிறைந்தது. அப்புறம்தான் மூன்றாவது எங்கே என்று கேட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பாகலூரிலிருந்து தாய்மாமா குடும்பம் வந்திருந்தது. அவருடைய மகன் ஜேசிபி ஓட்டுகிறான். அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"கேட்டானா?"

"என்கிட்ட காமிச்சிட்டுத்தான் எடுத்தான். நாளைக்கு எல்லாம் அவனுக்குத்தான, இன்னிக்கே எடுத்தா என்னா?"

அவன் எனக்கு முறைப் பையன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகனுக்குப் பெண் கேட்க வேண்டியதில்லை, பெண் அவனுக்கு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வார்கள். என்னிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொன்னதில்லை. என் சம்மதத்தைக் கேட்காமலே என் சாமான் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"பூஜைல வச்ச சாமான மறுநாள் காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லுவ? அப்பா ஸ்பேனர இப்பிடி ஒருத்தன் தூக்கிட்டுப் போனா விடுவியா?"

"ஸ்பேனரும் இதும் ஒன்னா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடு பாப்பா, அதான் இன்னும் ரெண்டு இருக்குதே" என்றார். மூன்று எதற்கு என்று கேட்ட அதே வாய்.

மறுநாள் விஜயதசமி, கம்பெனி லீவு. எங்கள் ஊர் சூளகிரியிலிருந்து ஓசூர் போய், அங்கிருந்து பாகலூர் பஸ் பிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம் என்று அங்கே போனதும் புரிந்தது. முறைப் பையன் வீட்டுக்கு ஒரு பெண் தனியாகப் போய் இறங்கினால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். அத்தை வாசலிலேயே வாயெல்லாம் பல்லாக நின்றாள். எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "சொசெ பந்த்லா?" என்றாள். மருமகள் வந்தாச்சா என்று கன்னடத்தில். அத்தை பெருமையாகத் தலையாட்டினாள்.

"சாமான் எடுக்க வந்தேன் அத்த."

"எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம். ஒரு நாளு கூட இருக்க முடியலியா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே சாமந்திப்பூவை என் தலையில் வைத்தாள். மாமா டிபன் வாங்கக் கடைக்கே கிளம்பிவிட்டார்.

அவன் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்தான். ராத்திரி முழுக்க ஜேசிபி கேபினில் வைத்து ஆடியிருக்கிறான். பட்டனைச் சுற்றிச் சந்தனம், அதன் மேல் செம்மண் தூசி, வியர்வை, எல்லாம் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. நான் வாங்கித் திரையைப் பார்த்தேன். முதல் ஊர். முதல் தெரு. நாயகனின் தலைக்கு மேல் அவன் பெயர்.

"இதுல இருந்த ஆட்டம்?"

"ஏதோ உன் பேரு போட்டு இருந்துச்சு. ஒரே கஷ்டமான எடம், அடிச்சு அடிச்சுக் கொல்றானுங்க. அத அழிச்சிட்டு என் பேர்ல புதுசா போட்டேன்" என்றான். ஒளிவு மறைவே இல்லை. அவனுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "இதுக்கா மூஞ்சி இப்பிடிப் போவுது? இது என்னா பெரிய சாமானு, இத்துனூண்டு இருக்குது. பத்தாயிரம் கேம் இருக்குற மாதிரி வாங்கித் தர்றேன், இத எனக்கு வுட்டுடு."

பத்தாயிரம் கேம். நானூறு கேமில் நான் பட்டது இவனுக்கு எங்கே தெரியும்!

"வேணாம். இது என்னுது."

"கல்யாணத்துக்கு அப்புறம் உன்னுது என்னுதுன்னு தனித்தனியா வச்சிப்பியா?"

அத்தை உள்ளேயிருந்து, "வச்சிக்கட்டுமேடா, புள்ளைங்க பொறக்கற வரைக்கும்தான" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். என்னைத் தவிர எல்லாருக்கும் அது முடிந்துபோன விஷயம்.

சின்ன வயதிலிருந்து அவனையும் மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அத்தையைப் பார்த்துச் சொன்னேன். "அத்த, நான் இவர பாக்க வரல. என் சாமான் எடுக்கத்தான் வந்தேன். இவர நான் கட்டிக்க மாட்டேன். அம்மாகிட்டயும் போய்ச் சொல்லப் போறேன்."

"ஒரு பொம்ம சாமானுக்கா?" என்றாள் அத்தை. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. "ரெண்டு எழுத்து படிச்சதும் திமிரப் பாரு."

திமிர்தான். ஆனால் நான் படித்தது வெறும் ரெண்டு எழுத்து இல்லை. டிபனோடு தெருமுனையில் எதிரே வந்த மாமாவிடம், வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஓசூரில் இறங்கும்வரை அந்தச் சாமந்திப்பூ தலையில் இருப்பதே நினைவில் இல்லை.

வீட்டில் அம்மா அழுதாள், கத்தினாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள். மாமா குடும்பம் பொங்கலுக்கு வரவில்லை. விளையாட்டுச் சாமானுக்காகச் சொந்தத்தை முறித்தவள் என்று பாகலூரிலிருந்து சூளகிரி வரை பேச்சு. முதலில் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது விளக்குவதில்லை. ஸ்பேனருக்காக முறித்திருந்தால் நியாயம் என்றிருப்பார்கள்.

கருவியைக் கழற்றினேன். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரை எடுத்துக் கழுவினேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் மண் துகள் அறுத்ததில் வலது பக்கம் ரப்பர் தேய்ந்துவிட்டது. இப்போது வலது அமுக்கினால் சில நேரம் மேலேயும் சேர்ந்து அமுங்குகிறது, அந்தத் தள்ளுவண்டிக் கருவி மாதிரியே. அந்த ரப்பர் தனியாக எங்கேயும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரில் மறுபடி முதல் ஊரிலிருந்து ஆரம்பித்தேன். கம்பெனி பஸ்ஸில் தினமும் ஆடுகிறேன். பாதிக் கதைக்கு வந்தாயிற்று. வலதுபுறம் போக வேண்டியவள் திடீரென்று மேலே ஏறிச் சுவரில் முட்டும்போதெல்லாம் பாகலூர் வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டுகிறேன். பக்கத்து சீட்டு அக்கா, "காலங்காத்தால யாரடி இப்பிடித் திட்டற?" என்று கேட்கிறாள். சுவிட்சைத் தட்டி உறைய வைத்துவிட்டு கேட்டில் இறங்குகிறேன்.